நாலு மூலை ஆணி

என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த டிரான்சிஸ்டர் ரேடியோவை என் வீட்டுக்காரர் ஒரு மூங்கில் கழியில் வைத்துக் கட்டிவிட்டார். கேட்காமல் கொள்ளாமல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம் கேட்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம். வாரம் பூராவும் பால்வாடியில் முப்பது பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, கஞ்சி ஊற்றி, பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் என்ன மிச்சம்? கேட்டதற்கு, "நாடகம் எங்க ஓடிப்பூடும்? இது எவ்ளோ முக்கியமான வேல தெரியுமாமே?" என்றார்.

அந்த முக்கியமான வேலை என்னவென்றால், மண்ணுக்குள் கிடக்கிற பழைய காலத்து யுத்த சாமான்களைத் தேடுவது.

கழியின் கீழ்நுனியில் மாவு சலிக்கிற சல்லடையின் மர வளையம். அதுவும் என்னுடையதுதான். வலையைப் பிய்த்து எறிந்துவிட்டு அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி மோட்டார் காயில் கம்பி. நடுவில் ஒரு சோப்பு டப்பா, அதற்குள் பேட்டரியும் நாலைந்து குட்டிச் சாமான்களும். மேலே கைப்பிடிக்குப் பக்கத்தில் என் ரேடியோ. உத்திரமேரூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரின் கடையிலேயே பத்து நாள் பழியாகக் கிடந்து இதைச் செய்துகொண்டு வந்தார். சும்மா இருக்கும்போது ரேடியோ முனகிக்கொண்டே இருக்கும். வளையத்துக்குக் கீழே இரும்பு வந்தால் 'கொய்ய்ங்' என்று கத்தும். அந்தச் சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் கூசுகிறது.

அவர் பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர் இல்லை. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை முடிந்த பிறகு எல்லையோரத்து வயல்களில் புதைந்திருந்த கண்ணிவெடிகளைத் தேடி எடுத்த ஆட்களில் ஒருவர். மாதக்கணக்கில், இரும்பு வந்தால் கத்துகிற மெஷினின் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்ட இடத்தில் மண்டியிட்டு, விரலால் மண்ணை விலக்குகிற வேலை. ஒரு விரல் தவறினால் ஆள் இல்லை. ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் அதை யார் மதித்தார்கள்? முப்பத்தைந்து வயதில் பென்ஷனோடு வந்து இறங்கியவரை, "இன்னா மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட?" என்று கேட்பார்கள். "சுடல, கண்ணி எடுத்தேன்" என்பார் இவர். "ஓகோ, சண்ட முடிஞ்சப்பறம் போயி பொறுக்கிக்கினு வந்தியா?" என்று சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், வாயில் வைக்க மாட்டார். எனக்கு அவர்கள் மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி இவர் மேலும் வரும். அந்தக் கடைக்கு எதற்குப் போகிறீர்கள், வீட்டில் டீத்தூள் இல்லையா என்று கத்துவேன். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அங்கேதான் போவார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்துக்குத் தண்டு மேடு என்று பெயர். தண்டு என்றால் படை. எந்தக் காலத்திலோ ஒரு படை அங்கே கூடாரம் போட்டுத் தங்கியதாம். எந்த ராஜா, எந்த நவாபு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இவர் ஊருக்கு வந்த வருஷம் வேர்க்கடலைக்கு உழுதபோது நெல்லிக்காய் அளவில் ஓர் ஈய உருண்டை மேலே வந்தது. அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க அவர் கீழே வைக்கவே இல்லை. "குண்டுமே! அந்தக் காலத்து துப்பாக்கி குண்டு!" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

கடலை பிடுங்கி முடிந்ததும் ஆரம்பித்தார். நிலத்தைக் கயிறு கட்டிக் கட்டமாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் கழியை வீசிக்கொண்டே நடப்பது, கத்தின இடத்தில் குந்தித் தோண்டுவது. எது கிடைத்தாலும் ஒரு நோட்டில் எழுதுவார். வேப்ப மரத்திலிருந்து எத்தனை அடி, வரப்பிலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குல ஆழம் என்று ராணுவத்துக் கணக்காக. கிடைத்தது என்ன? கலப்பைக் கொழு முனை, உடைந்த அரிவாள், சைக்கிள் செயின், சோடா மூடி. எல்லாவற்றையும் விட அதிகம் மாட்டு லாடம். பிளந்த குளம்புக்கு அடிக்கிற ரெண்டு ரெண்டு துண்டாக, கூடை கூடையாக லாடம். என் ஜன்னல் படியில் சாமி படம் வைக்க இடமில்லை.

"இது மாட்டு லாடம்ங்க. குதிரைக்கு முழுசா இருக்கும். பால்வாடி புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன் ஒரு நாள்.

"படையில மாடு இல்லியா? பீரங்கிய யாரு இஸ்துக்கினு வந்தது? நீயா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

சத்தம் கேட்ட எந்த இடத்தையும் அவர் விடமாட்டார். களத்துமேட்டில் கத்திற்று, தோண்டினார். பொதுவழியில் கத்திற்று, தோண்டினார். அன்று சாயங்காலம் பால்காரர் சைக்கிளோடு அந்தக் குழியில் விழுந்து என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டாலும் வுட்டுட்டுப் போனா என்னா கெட்டுப்பூடும்?" என்று இவரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சத்தம் கேட்டா எடுத்தே ஆகணும்மே. கேட்டுட்டு வுட்டுட்டா அப்பால வர்றவன் கால் பூடும்" என்றார். இது எல்லையோரம் இல்லை, இங்கே கால் போகாது, பால்தான் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

இந்தக் கூத்து ஆரம்பித்தபோது எனக்கு நாலு மாசம்.

இதற்கு முன்னால் இரண்டு முறை எனக்கு நின்று, இரண்டும் தங்கவில்லை. முதலாவது ஆறாம் மாசம் முடிகிற சமயத்தில் போயிற்று. இரண்டாவது ஏழாம் மாசத்தில், ஆண் பிள்ளை, பிறந்தே இறந்தது. இரண்டு தடவையும் இவர் வடக்கே எங்கேயோ இருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. எனக்கு வயிறு காலியான பிறகுதான் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று கடிதம் வரும்.

இரண்டாவதும் போன பிறகு என் மாமியார் ஒரு பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டை மந்திரத்தால் கட்ட வேண்டும் என்றார் பூசாரி. எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. கொல்லனிடம் சொல்லிச் சாண் நீளத்தில் நாலு ஆணி அடித்து வாங்கி, மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றி, அமாவாசையன்று வீட்டு மனையின் நாலு மூலையிலும் இறக்கிவிடுவது. தலை வெளியே தெரியக்கூடாது, மேலே நாலு விரல் மண் மூடவேண்டும். அப்புறம் வேண்டாதது எதுவும் உள்ளே வராது என்பது கணக்கு. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஈரப் புடவையோடு மூலை மூலையாகப் பூசாரிக்குப் பின்னால் நடந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

முடித்துவிட்டு மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எங்க கீதுன்னு யாரான்டயும் வாய தொறக்காத. சொன்னா கட்டு தளந்துடும். அவன் லீவுல வந்தாலும் சொல்லாத." நானும் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. அவர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் சொல்லவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பூமிக்குள் இருக்கிற இரும்பையெல்லாம் மோப்பம் பிடிக்கிற ஒரு மனுஷன் வீட்டில். அதே வீட்டின் நாலு மூலையிலும் இரும்பு. அதை அவரிடம் சொல்லவும் கூடாது. இரண்டு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழியோடு தோட்டத்துப் பக்கம் திரும்பினாலே, "இன்னாங்க, மாடு கத்துது பாருங்க" என்பேன். ஒரு மூலையில் வறட்டியை அடுக்கி வைத்தேன். இன்னொன்றில் கோழிக் கூண்டை நகர்த்தி வைத்தேன். துவைக்கிற கல்லை மூன்றாவது மூலைக்கு ஆள் வைத்துத் தள்ளினேன். நாலாவதில் நல்லவேளையாக மாட்டுக் கொட்டகை இருந்தது. "இன்னாமே, ஒரே எடத்துல ஒரு சாமானும் நிக்க மாட்டேங்குது?" என்று அவரே கேட்டார். "காத்து வரட்டும்னுதான்" என்று ஏதோ உளறினேன்.

இதற்கு நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு காலேஜில் சரித்திரம் சொல்லித்தருகிற வாத்தியார் ஒருவரோடு இவருக்குப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. ஈயக் குண்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் நல்ல மனுஷன்தான்; உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். தன் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருப்பதாகவும், இன்னும் நிச்சயமான சாமான் ஏதாவது கிடைத்தால் அதில் வைத்து, கண்டெடுத்தவர் என்று பெயரும் எழுதி வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். போதாதா! அன்றிலிருந்து இவர் தூக்கத்தில்கூட அலமாரி என்றுதான் உளறினார்.

எனக்கு ஆறாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. மாகறலில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கருமாதிக்கு அத்தை போய்விட்டார். நான் பால்வாடிக்குப் போனேன். நாலு மணிக்குத் திரும்பி வந்தால் இவர் வாசலிலேயே நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்த்ததில்லை.

"ஏமே, வா வா! இன்னா கெடச்சிருக்குதுன்னு பாரு!"

ஜன்னல் படியில் செய்தித்தாள் விரித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வரிசையாக ஆணிகள். சாண் நீளம். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு மூலையில நாலுமே! அளந்து வெச்சாப்ல நாலு! இது இன்னான்னு தெரியுமா? டென்ட்டு! சின்ன டென்ட்டு இல்ல, ஆஸ்பத்திரி டென்ட்டு, அவ்ளோ பெருசு. நம்ம வூடு நிக்கிற எடத்துல ஒரு காலத்துல காயம் பட்டவங்கள படுக்கவெச்சிருந்தாங்கமே! வாத்தியாரே அசந்துட்டார்!"

பின்னால் எட்டிப் பார்த்தேன். வறட்டி அடுக்கு கலைந்து கிடந்தது. கோழிக் கூண்டு கவிழ்ந்திருந்தது. துவைக்கிற கல்லை ஒண்டி ஆளாய்ப் புரட்டியிருக்கிறார், மகானுபாவர். மூன்று வருஷத்துத் துருவுக்கும் இருநூறு வருஷத்துத் துருவுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த மனுஷனை எந்தப் புண்ணியவான் ராணுவத்தில் சேர்த்தான் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாலுன்னீங்களே. இங்க மூணுதான கீது?"

"ஒன்ன எடுத்துக்கினு மத்தியான பஸ்லயே ஓடிட்டு வந்துட்டேன். அலமாரியில வெச்சாச்சு. என் பேர் போட்டு அட்டையும் வெச்சாச்சு!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. பயமாக இருந்தது. ஐயோ, எவ்வளவு பயமாக இருந்தது!

மறுநாள் காலையில் அத்தை வந்தார். ஜன்னலைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது. "அட படுபாவி! கட்டின வூட்ட அவுத்துட்டியேடா!" என்று மாரில் அடித்துக்கொண்டார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, அந்த முகத்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"இத்த ஏன் எங்கிட்ட மின்னாடியே சொல்லல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லல!"

"சொல்லியிருந்தா தோண்டியிருக்க மாட்டேனே!"

"சொன்னா கட்டு தளந்துடும்டா!" என்றார் அத்தை.

"இப்ப மட்டும் இன்னா, கெட்டியா கீதா?" என்று கத்தினார் அவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். யார் மேல் தப்பு என்று எனக்கே விளங்கவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

அன்றைக்கே போய் ஆணியை வாங்கி வந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வாங்கி வரவில்லை. "ரெண்டு பேரும் படிக்காதவங்க மாதிரி பேசறீங்க. இரும்புல இன்னா கீது?" என்றார். அது காரணம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் பட்டுப்புடவை வாங்கக் காஞ்சிபுரம் போனபோது காலேஜுக்கும் போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இவருடைய பெயர், கறுப்பு மசியில். அன்றிலிருந்து "இன்னா மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட" நின்றுவிட்டது. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்களாம். "ஒக்காரு நைனா" என்கிறார்களாம். பதினைந்து வருஷ சர்வீஸுக்குக் கிடைக்காத மரியாதை, கொல்லன் அடித்த ஓர் ஆணிக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் போய் எப்படித் திருப்பிக் கேட்பார்?

நாலாம் நாள் எனக்கு இடுப்பு வலி வந்தது. பின்முதுகில் ஆரம்பித்து முன்னால் சுற்றிக்கொண்டு வருகிற வலி. அந்த வலியை எனக்கு முன்னமே இரண்டு தடவை தெரியும். சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். "கொழந்த நல்லாத்தான் கீது. நீ எழுந்திருக்காத, வேலைக்குப் போவாத, எதையும் தூக்காத, கவலப்படாத" என்றார். முதல் மூன்றும் என் கையில் இருந்தன.

அத்தை பூசாரியை வரவழைத்தார். சைக்கிளில் வந்து இறங்கி இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு, ஏதோ நான்தான் கடப்பாரையால் நெம்பி எடுத்ததுபோல என்னை முறைத்தார்.

"புது ஆணி அடிச்சா ஆவாதா?" என்று கேட்டேன். ஆகும் என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும் அந்த மனுஷனுக்கு?

"ஆவாது. அதே ஆணி, அதே குழி. பிடுங்கினவன் கையாலதான் அடிக்கணும். ஏழாம் மாசம் பொறக்கறதுக்கு மின்னாடி அமாவாச வருதில்ல, அதுக்குள்ள" என்றார். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள்.

பூசாரி போன பிறகு இவர் என் கட்டில் பக்கத்தில் வந்து குந்தினார். லாடக் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் நம்பிக்க இல்லங்க" என்றேன். "ஆனா ரெண்டு தபா நான் இங்க தனியா கெடந்தேன். இந்த தபா எனக்கு அந்த ஆணி வேணும். நீங்க இன்னா வேணா நெனச்சுக்கோங்க. எனக்கு வேணும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் போனார்.

அங்கே என்ன நடந்தது என்பதை ஒரேயடியாக அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் துண்டு துண்டாகச் சொன்னார். வாத்தியாரைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றிருந்தார்களாம். அலமாரியைக் காட்டி, இவரைக் காட்டி, இவர்தான் கண்டுபிடித்தவர் என்று வாத்தியார் சொன்னாராம். பிள்ளைகள் வணக்கம் வைத்தார்களாம். அதற்குப் பிறகு இவர் சொல்லியிருக்கிறார்: "சார், அது டென்ட் ஆணி இல்ல. எங்க வூட்டு ஆணி. எங்கம்மா அடிச்சுவெச்சது." பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வாத்தியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க ராணுவத்துல இருந்தவர். இதையெல்லாம் நம்பறீங்களா?" என்று கேட்டாராம்.

"நான் நம்பல சார். எங்க வூட்லயும் நம்பல. ஆனா அது தூங்கமாட்டேங்குது" என்று சொன்னாராம்.

இதைச் சொன்னபோது என் பக்கம் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நானும் கட்டிலில் உட்கார்ந்தபடி புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டேன். கரைந்த பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆணியோடு பெயர் எழுதின அட்டையையும் வாத்தியார் கொடுத்தனுப்பியிருந்தார். காலி அலமாரியில் அது எதற்கு?

குழிகள் எல்லாம் அதற்குள் தூர்ந்து போயிருந்தன. இடையில் ஒரு நல்ல மழை வேறு. எந்த இடம் என்று அத்தைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மெஷினைக் கொண்டுபோய் மூலை மூலையாக வீசிப் பார்த்தார். முனகிற்றே தவிரக் கத்தவில்லை. இரும்பு இருக்கிற இடத்தைத்தான் அது சொல்லும், இருந்த இடத்தைச் சொல்லாது. அத்தை மறுபடியும் மாரில் அடித்துக்கொள்ளத் தயாரானார். இவர் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். முருங்கை மரத்திலிருந்து பதினோரு அடி, சுவரிலிருந்து மூன்றரை அடி, ஆழம் நாலு அங்குலம். நாலுக்கும் எழுதி வைத்திருந்தார், கிராதகர். எத்தனை நாள் அந்த நோட்டை அடுப்பில் போடப் பார்த்தேன்!

அமாவாசைக்கு முதல் நாள் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, டேப்பைப் பிடித்து அளந்து, பூசாரி பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுக்க, நாலையும் அவர் கையாலேயே அடித்து இறக்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மண்ணை மூடிக் கையால் தட்டிவிட்டபோது, பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல இருந்தது.

டீக்கடையில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது 'ஆணி மிலிட்டரி' என்று புதுப் பட்டம் வேறு. அங்கே போவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போனார், வந்தார். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தார். விடிந்ததும் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். முருங்கை மூலையில் ஒரு 'கொய்ய்ங்'. கொட்டகை மூலையில் ஒரு 'கொய்ய்ங்'. கோழிக் கூண்டுப் பக்கம் ஒன்று. கடைசியில் வறட்டி அடுக்குக்குப் பின்னால் ஒன்று. சத்தம் கேட்டால் எடுத்தே ஆகவேண்டும் என்று பால்காரரைக் குழியில் தள்ளின அதே ஆள், நாலு இடத்திலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, குனியாமல் திரும்பி வருவார். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். போர்வைக்குள் படுத்துக்கொண்டு எண்ணுவேன். நாலாவது சத்தம் வந்த பிறகுதான் எழுந்து பல் தேய்க்கப் போவேன். ஒரு நாள் பேட்டரி தீர்ந்து மூன்றோடு நின்றுவிட்டது. அன்றைக்கு நான் அவரைத் திட்டின திட்டு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் உத்திரமேரூருக்கு சைக்கிளை மிதித்துப் பேட்டரி வாங்கி வந்தார்.

ஏழாம் மாசம் போயிற்று. எட்டாம் மாசம் போயிற்று. பத்தாம் மாசம் பிறந்து ஒரு நாள் மத்தியானம் வலி எடுத்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரவெல்லாம் அவர் வராந்தாவில்தான் இருந்தார் என்று அத்தை சொன்னார். விடியற்காலையில், "ஃப்ளாஸ்க்குல காப்பி எடுத்துக்கினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர் போனவர்தான். அவர் போன அரைமணியில் பெண் பிறந்தாள். கொஞ்சம் அழுதாள், உடனே தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆளைக் காணோம். பெற்றவளைப் பார்க்க வராமல் அப்படி என்ன காப்பி? பாலைக் கறந்து, கொட்டையை வறுத்து அரைத்துக்கொண்டா வருகிறார்? வரட்டும், வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக நினைத்து வைத்திருந்தேன்.

கடைசியில் வந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண். தலை கலைந்திருந்தது. கையில் ஃப்ளாஸ்க் இல்லை. தோளில் அந்த மூங்கில் கழி. அதை வைத்துக்கொண்டு வார்டுக்குள்ளேயே வந்துவிட்டார். ஆயாம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடி வந்தாள். என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கிற்று.

"நாலும் கீதுமே" என்றார்.

அதற்கு அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தார். பார்க்கிறதற்காகக் குனிந்தார். ரேடியோவை அணைக்க மறந்திருந்தார். கழி இரும்புக் கட்டிலில் உரசியதும் 'கொய்ய்ங்' என்று வார்டே அதிர்கிற மாதிரி அது கத்திற்று. தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துக்கொண்டு, அதை விட உரக்க, முகமெல்லாம் சிவக்க வீறிட்டாள். எவ்வளவு தெம்பான குரல்! ஆயாம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ரேடியோவின் குமிழைத் தேடித் தடவினார்.

"இருக்கட்டும்ங்க, அணைக்காதீங்க" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தேன். அவரும்தான்.

கொஞ்ச நேரம் கழித்துதான் ஞாபகம் வந்து, காப்பி எங்கே என்று கேட்டேன்.